குழியில் இறங்கும் முன்

மார்ச் 4, செவ்வாய்

புது மென்பொருள் வந்துவிட்டது. காலையில் கணினியைத் திறந்தால் பழைய திரையைக் காணவில்லை. மேலாளர் இரண்டு மணி நேரம் விளக்கினார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்பார். இதுவரை எதுவும் ஆனதுமில்லை, அவர் பார்த்ததுமில்லை.

லிஃப்ட் கம்பெனியில் கையேடு எழுதுகிற பிரிவு எங்களுடையது. மொத்தம் ஐந்து பேர். ஒரே எச்சரிக்கையை நாற்பது கையேட்டில் நாற்பது முறை எழுத வேண்டாம் என்று எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறோம். ஒரு துண்டு பல கையேடுகளில் இருக்கும். முன்பெல்லாம் ஒரு துண்டை ஒருவர் எடுத்தால் திரும்ப வைக்கும்வரை அடுத்தவர் தொட முடியாது. இனிமேல் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாமாம். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடுமாம். அன்றைக்கே மெக்கானிக்குகளின் ஃபோனுக்கும் போய்விடுமாம்.

கடைசியாகப் படித்து 'சரி' கொடுப்பவள் நான்தான். இருபத்திரண்டு வருஷமாக. அது மட்டும் மாறவில்லை. ஆனால் மூன்று நாள் நான் வாயைத் திறக்காவிட்டால் துண்டு தானாகவே சரியாகிவிடும். நான் அழுத்தினாலும் பச்சைக் குறி, தானாக விழுந்தாலும் அதே பச்சைக் குறி, இரண்டுக்கும் பக்கத்தில் என் பெயர்.

"அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆகட்டும்மா, போகப் போகப் பழகிடும்" என்றார்.

மார்ச் 6, வியாழன்

ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். யார் எங்கே எழுதுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிகிறது. எனக்குப் பழுப்பு. நான் ஒரு வார்த்தையை எழுதி, அழித்து, திரும்ப அதையே எழுதினால் நாலு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். தாழ்ப்பாள் இல்லாத குளியலறையில் நிற்பது போல இருக்கிறது.

பக்கத்து மேசைக்காரிக்கு ஆரஞ்சு. அவள் பெயர் எங்களுக்குள் அரைப்புள்ளி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மாட்டாள், அரைப்புள்ளி வைத்து இழுத்துக்கொண்டே போவாள். முப்பத்து நாலு வயது, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை, வீட்டில் அவள் சம்பளம் மட்டும். கெட்டிக்காரிதான். ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் கொல்வாள். "அக்கா, இது எதுக்கு? அக்கா, அது அங்கயும் வருமா?" ஆறு வருஷமாகக் கேட்கிறாள். இப்போது அதற்கும் வசதி செய்து கொடுத்துவிட்டார்கள்: துண்டின் ஓரத்திலேயே குறிப்பு எழுதி என்னைக் கேட்கலாம். குரங்கு கையில் பூமாலை.

மார்ச் 10, திங்கள்

சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். யாரிடம் எத்தனை துண்டு தேங்கியிருக்கிறது என்று அதில் எண் ஓடும். எல்லோருக்கும் இரண்டு, ஐந்து, ஒன்று. எனக்கு மட்டும் 63, சிவப்பில்.

கூட்டத்தில் ஆகட்டும் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெரியவங்களே இப்படி அடைச்சுக்கிட்டு நின்னா வண்டி எப்படிப் போகும்?" எல்லோரும் குனிந்துகொண்டார்கள். அரைப்புள்ளி கூட.

நாலு பேர் எழுதுவதை ஒருத்தி படிக்கிறேன். தேங்காமல் என்ன செய்யும்? அவமானமாக இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

63 போயே போச்சு. மதியத்துக்குள். பெரும்பாலும் எழுத்துப்பிழைத் திருத்தங்கள்தான்.

மார்ச் 17, திங்கள்

எனக்குக் கைதட்டல். "இதுதான் அனுபவம்" என்றார் ஆகட்டும். போன வாரம் அடைப்பு, இந்த வாரம் அனுபவம். அவர் நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

மார்ச் 29, சனி

முழங்கால் வலி. இவர் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டதில் உள்ள ஒரே லாபம். அதற்கும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சீட்டில் படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு பிரசங்கம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஒரு மெக்கானிக்கின் கால் போய்விட்டது.

பழைய கட்டடம், பழைய மாடல். லிஃப்ட் குழியில் இறங்கியிருக்கிறார். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து யாரோ பொத்தானை அமுக்க, லிஃப்ட் இறங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். இடது கால், முழங்காலுக்குக் கீழே, எடுத்தாகிவிட்டது.

மெயினை அணைத்துப் பூட்டாமல் யாராவது குழியில் இறங்குவார்களா? சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

பாதுகாப்பு பொறியாளர் மேலே வந்தார். அவர் எங்கள் மாடிக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. மெக்கானிக்கின் ஃபோனை மேசைமேல் வைத்தார். அதில் எங்கள் துண்டு. 'குழியில் இறங்கும் முன்.'

இரண்டாவது வரி, "மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டவும், சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும்" என்று இருக்க வேண்டும். அந்த வரியை நான்தான் எழுதினேன், பதினைந்து வருஷத்துக்கு முன்னால். அது இல்லை. அதற்குப் பதில்: "குழிக் கதவைத் திறந்ததும் மின்சாரம் தானாக நின்றுவிடும்."

அது புது மாடலுக்கு மட்டும் உண்மை. புது மாடலுக்காக யாரோ மாற்றியிருக்கிறார்கள். துண்டைத் தனியாகப் பிரித்து மாற்றாமல் பொதுத் துண்டிலேயே மாற்றியதால் முப்பத்தெட்டு பழைய கையேடுகளிலும் அதுவே போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு மாசமாக இருந்திருக்கிறது.

மாற்றியவர் நிறம் ஆரஞ்சு. சரி கொடுத்தவர் – நான். பச்சைக் குறி.

நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் விட்டிருப்பேனா? மூன்று நாள் கழித்துத் தானாக விழுந்திருக்கும். சத்தியமாக அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

விசாரணை. ஆகட்டும், பாதுகாப்பு பொறியாளர், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வக்கீல். நானும் அரைப்புள்ளியும் எதிரெதிரே.

அவள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நான் கேட்டேன் சார். பழைய மாடல்லயும் இந்தத் துண்டு இருக்கான்னு குறிப்பு எழுதிக் கேட்டேன். எந்தத் துண்டு எங்கெங்க இருக்குன்னு எனக்குத் திரையில தெரியாது, அக்காவுக்குத்தான் தெரியும்."

குறிப்பைத் தேடினார்கள். இல்லை. 'தீர்ந்தது' என்று மூடிவிட்ட குறிப்புகளை இந்த மென்பொருள் காட்டாது, அழித்ததும் தீர்ந்ததும் அதற்கு ஒன்றுதான் என்றார் ஆகட்டும். வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எந்தக் கேள்வியும் வரல" என்றேன். "மூணு நாள்ல தானா சரி ஆகியிருக்கும். அந்த வசதியே வேண்டாம்னு முதல் நாளே கேட்டவ நான்."

ஆகட்டும் தலையாட்டினார். ஆமாம், கேட்டாங்க. என்மேல் தப்பில்லை என்றால் அவர்மேலும் பெரிதாக இல்லை. எழுதியவள்மேல் என்று முடிந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. அது அந்த அறையில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும்.

அரைப்புள்ளி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவள் போலப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

அவளை நீக்கிவிட்டார்கள். விசாரணை அன்று காலையிலேயே அவள் மெயிலைப் பூட்டியாகிவிட்டது. இன்று ஒரு அட்டைப்பெட்டியில் டம்ளர், சால்வை, குழந்தை வரைந்த படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய் வழியனுப்பலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

ஒருத்தி அரைகுறையாகச் செய்வாள், இருபத்திரண்டு வருஷம் உழைத்தவள் பெயர் கெட வேண்டுமா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மே 12, திங்கள்

பக்கத்து மேசை காலி. கேள்வியே இல்லை. அப்பாடா என்றிருக்க வேண்டும். ஏன் இல்லை?

மே 20, செவ்வாய்

இனி மற்ற கிளைகளுக்கும் இந்த மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்காம். "உங்கள விட்டா யாரு?" என்றார் ஆகட்டும். வீட்டில் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. "அந்தப் பொண்ணுக்கு வேற வேலை கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

மென்பொருளில் மறுபடி புது வசதிகள். விபத்துக்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் கேட்டு வாங்கினவையாம். தீர்ந்த குறிப்புகளைத் திரும்பப் பார்க்கலாம். தானாக விழுந்த சரிக்குச் சாம்பல் குறி, ஆள் அழுத்திய சரிக்குப் பச்சை. யார், எப்போது, எத்தனை விநாடி திறந்து வைத்திருந்தார் என்பதும் தெரியும். பழைய துண்டுகளுக்கும் தெரியும்.

மற்ற கிளைக்காரர்களுக்குக் காட்ட ஒரு உதாரணம் வேண்டும். 'குழியில் இறங்கும் முன்' துண்டையே திறந்தேன். சாம்பல் குறியைக் காட்டி, பாருங்கள், தானாகச் சரியானால் இதுதான் கதி என்று சொல்லலாம் என்று.

பச்சை.

மார்ச் 11, பிற்பகல் 12:52. நேரில் அழுத்தியது. திறந்திருந்த நேரம்: 0 விநாடி.

கீழே அவள் குறிப்பு. "அக்கா, இந்தத் துண்டு பழைய மாடல் கையேடுகள்லயும் இருக்கா; இருந்தா சொல்லுங்க; பிரிச்சு எழுதிடறேன்; இல்லன்னா மட்டும் சரி குடுங்க." அதன்மேல் ஒரு முத்திரை: தீர்ந்தது. தீர்த்தவர்: நான்.

ஜூன் 4, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதிலும் பொய் சொன்னதாகிவிடும்.

அன்றைக்கு அறுபத்து மூன்றையும் நான் படிக்கவில்லை. முதல் ஒன்பதைப் படித்தேன். பத்தாவதில் பலகையைப் பார்த்தேன். 54, இன்னும் சிவப்பு. மேலே ஒரு பொத்தான் – 'அனைத்தையும் தேர்ந்தெடு'. பக்கத்தில் 'சரி'. அவ்வளவுதான். ஓரத்தில் இருந்த குறிப்புகளும் அத்தோடு மூடிக்கொண்டன. அவள் குறிப்பு எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியுமே! அவள் எழுதாத நாள் உண்டா? தெரிஞ்சேதான் அமுக்கினேன். கேள்வியெல்லாம் தொலையட்டும்னு அமுக்கினேன்.

மறந்துபோச்சா? எனக்கா? ஒரு மாசத்துல மறந்துடுமா? மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணு இல்ல.

ஜூன் 6, வெள்ளி

ஆகட்டுமிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் பார்த்தார். பிறகு திரையை என் பக்கமே திருப்பிவிட்டார். "இதை இன்னும் யாரு பாத்தாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப விடுங்க. முடிஞ்ச கதை. நீங்க வாயத் தொறந்தா நீங்க, அப்புறம் நான், அப்புறம் அந்தப் பலகையை மாட்டச் சொன்னவங்க. எத்தனை பேர் வீட்டுல அடுப்பு எரியணும்னு யோசிங்க."

"அவ வீட்டு அடுப்பு?"

"பாத்துக்கலாம்" என்றார். முதல் தடவையாக 'ஆகட்டும்' சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

மூன்று முறை அரைப்புள்ளியின் எண்ணைப் போட்டு வைத்துவிட்டேன். நாலாவது முறை அவளே எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா."

அந்த 'அக்கா'வைக் கேட்டதும் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "அது தானா விழல. நான்தான் அழுத்தினேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"குறிப்பு தீர்ந்துச்சுன்னு எனக்கு மெயில் வந்துச்சு. நான் கேட்டு ரெண்டு நாள் கூட ஆகல. மூணு நாள் எங்கேருந்து வரும்? விசாரணையில காட்டலாம்னு பாத்தா, மெயிலையே பூட்டிட்டாங்க."

"அன்னைக்கு என் முகத்தைப் பாத்து கத்தியிருக்கலாமே."

"கேட்டேன்னு சொன்னேன். நீங்க இல்லன்னீங்க." பின்னால் குழந்தை ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. "மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன். ஞாபகம் வந்ததும் சொல்லிடுவீங்கன்னு தினம் ஃபோனைப் பாப்பேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "பாப்பாவுக்குச் சாப்பாடு போடணும்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மென்பொருளில் ஏற்றவில்லை, ஆகட்டுமிடமும் கொடுக்கவில்லை. காகிதமாகவே பாதுகாப்பு பொறியாளர் கையில் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். ஏழு நிமிஷம். "இத்தனை நாள் கழிச்சா?" என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டில் இவரிடமும் சொன்னேன். ஏதாவது திட்டுவார் என்று பார்த்தேன். "சீட்டைப் படிக்காம மருந்து குடுத்திருக்க" என்றார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

ஜூன் 14, சனி

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன்.

ஜூன் 28, சனி

மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். முகவரியைப் பாதுகாப்பு பொறியாளர்தான் கொடுத்தார், வேண்டா வெறுப்பாக.

இரண்டாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மனிதர் கீழே இறங்கியதே இல்லையாம். அவர் மனைவி கதவைத் திறந்தார். கம்பெனியிலிருந்து என்றதும் முகம் இறுகிவிட்டது, ஆனால் உள்ளே வரச் சொன்னார்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஜன்னலோரம் நாற்காலியில், கால்சட்டையின் ஒரு காலை மடித்து ஊசி குத்தி உட்கார்ந்திருந்தார். நான் நேரடியாகச் சொல்லிவிட்டேன். "உங்க ஃபோன்ல வந்த அந்தக் கையேட்டுக்குக் கடைசியா சரி போட்டது நான். படிக்காமப் போட்டேன். எழுதினவ கேள்வி கேட்டிருக்கா, அதையும் பாக்கல."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அதையெல்லாம் ஒருத்தர் ஒக்காந்து படிப்பாங்களா?" என்று கேட்டார். கேலியில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"படிக்கணும். அதான் என் வேலை."

தலையாட்டினார். பிறகு, யாரிடமோ வேறொருவர் கதையைச் சொல்வது போலச் சொன்னார்:

"எங்க செட்டுல மத்தவங்க எல்லாம் பழைய ஆளுங்கம்மா. ஃபோனத் தொறக்கவே மாட்டாங்க. பழக்கதோஷம், மெயின அணைச்சுட்டுத்தான் எறங்குவாங்க. நான் சேர்ந்து நாலே மாசம். அந்த மாடல் எனக்குப் புதுசு. அதனால ஒவ்வொண்ணும் படிச்சுத்தான் செய்வேன். பரீட்சைக்குப் போறான் பாருன்னு சிரிப்பாங்க. அன்னைக்கும் கதவுகிட்ட நின்னு ரெண்டு தடவ படிச்சேன். தானா நின்னுடும்னு போட்டிருந்துச்சு. எறங்கினேன்."

அவர் இரண்டு தடவை படித்திருக்கிறார். முப்பத்தெட்டு கையேட்டில், எத்தனையோ மெக்கானிக்குகளில், எங்கள் எழுத்தை நம்பியவர் அவர் ஒருவர்தான். நம்பாதவர்கள் எல்லோருக்கும் கால் இருக்கிறது.

நான் அழுதேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்: "இப்ப எதுக்கு வந்தீங்க? சொல்லிட்டா உங்க மனசு ஆறிடும், அதுக்கா?"

"ஏய், விடு" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க. ஆறிடுச்சுன்னா கெளம்புங்கம்மா. அவருக்குக் கட்டு மாத்தணும்."

ஆறவில்லை என்று வாய்வரை வந்தது. சொல்லாமல் இறங்கினேன். நாற்பத்தாறு படி. எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

ஜூலை 9, புதன்

ஆகட்டுமை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள், பதவி உயர்வோடு. என்னை நீக்கவில்லை. வெளியே போய்ப் பேசுவேன் என்ற பயம். மெக்கானிக்குக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதையாவது செய்கிறார்களா பார்ப்போம். பலகையை யாரோ கழற்றிவிட்டார்கள். ஆணி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

அரைப்புள்ளி இன்று வேலைக்குத் திரும்பினாள். அவர்களே கூப்பிட்டார்கள். பாதுகாப்பு பொறியாளர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். கடைசியாகப் படித்துச் சரி கொடுப்பவள் இனி அவள்தான். நான் பிரின்டர் பக்கத்து மேசையில் எழுதுகிறவளாக இருக்கிறேன். சம்பளம் குறையவில்லை, அதுதான் உறுத்துகிறது.

காலையில் ஒரு துண்டு எழுதி அனுப்பினேன், கதவு உணர்கருவியைத் துடைப்பது பற்றி, எட்டே வரி. மதியம் திரும்பி வந்தது, ஓரத்தில் பதினோரு கேள்விகளோடு. ஒவ்வொன்றும் கேட்க வேண்டிய கேள்வி. உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன், இரண்டு வரியை மாற்றினேன். சாயங்காலம் சரி கொடுத்தாள்.

அதன்கீழ் எழுதியிருந்தாள்: "நன்றி, மேடம்."

ஆறு வருஷத்தில் அவள் என்னை அக்கா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.